பையை யார் பார்த்துக்கிறது?

தமிழ்க் குடும்பம் எங்கே டூர் போனாலும் அதில் ஒரு நிரந்தரப் பதவி உண்டு. பை பார்த்துக்கொள்பவர். இந்தப் பதவிக்கு விண்ணப்பம் கிடையாது, இன்டர்வியூ கிடையாது, முக்கியமாக ரிடையர்மென்ட் கிடையாது. குற்றாலத்தில் ஊரே அருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு 'ஹோ'வென்று கத்தும்போது, கொஞ்சம் தள்ளி ஒன்பது ஜோடி செருப்பு, நாலு வாட்ச், ரெண்டு மூக்குக்கண்ணாடி, ஒரு எண்ணெய்ப் பாட்டில் சகிதம் ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பார், பார்த்திருப்பீர்கள். அவரேதான். மெரினாவில் எல்லோரும் கால் நனைக்கப் போகும்போது மணலில் சுண்டல் பொட்டலங்களோடு விடப்படுபவரும் அவரே. பெரும்பாலும் அம்மா. சில வீடுகளில் அத்தை. அப்பா இந்தப் பதவியில் இருந்ததாகச் சரித்திரத்தில் சான்று குறைவு.

எங்கள் வீட்டில் அம்மா இந்தப் பதவியை ஒருநாள் லீவு போடாமல் வகித்து வந்தாள். நாங்கள் தாம்பரம்வாசிகள். 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்தை 1984-ல் முப்பரிமாணத்தில் எடுத்து, தியேட்டரில் எல்லோரையும் கறுப்புக் கண்ணாடி போடவைத்த நவோதயா அப்பச்சன், தொண்ணூறுகளில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிஷ்கிந்தாவை ஆரம்பித்தார். மெட்ராஸில் கடல் உண்டு, குழாய் உண்டு, குழாயில்தான் தண்ணீர் வராது என்றிருந்த காலம். தண்ணீரில் விளையாடவென்றே ஒரு பார்க் என்றதும் மொத்தக் குடும்பமும் கிளம்பியது. எல்லோரும் நனைந்தோம். அம்மா மட்டும் உலர்ந்தே வீடு திரும்பினாள். மடியில் பை.

இந்தப் பதவியையே ஒழித்துக்கட்டிய ஓர் இடத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

2014-ல் கம்பெனி என்னை எட்டு மாத டெபுடேஷனில் அமெரிக்காவுக்கு, டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டினுக்கு அனுப்பியது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரக் கார் தூரத்தில் சான் அன்டோனியோவில் அக்கா வீடு. அப்பாவும் அம்மாவும் அந்தக் கோடையில் அக்காவிடம் வந்திருந்தார்கள். அமெரிக்கா வரும் நம்மூர்ப் பெற்றோர்களின் தினசரி வாழ்க்கை உங்களுக்குத் தெரிந்ததுதான். காலையில் மகளும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போய்விடுவார்கள். தெருவில் ஒரு ஈ, காக்கை இருக்காது. ஜன்னல் வழியாகத் தபால் வண்டி போவதைப் பார்ப்பதுதான் அன்றைய முக்கிய நிகழ்ச்சி. மூன்றாவது வாரமே அப்பா, "தாம்பரம் ஸ்டேஷன்ல அரை மணி நேரம் நின்னா போதும்டா, மனுஷ முகம் பார்த்த மாதிரி இருக்கும்" என்று ஏங்க ஆரம்பித்துவிட்டார். ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை, அத்தான் அறிவித்தார்: "ஷ்லிட்டர்பான் போறோம்."

அம்மாவின் வாயில் அது 'சிலேட்டுப் பானை' ஆயிற்று. எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதுதான் பெயர்.

ஷ்லிட்டர்பான் என்பது ஜெர்மன். வழுக்குப் பாதை என்று அர்த்தம். டெக்ஸாஸில் எதற்கு ஜெர்மன் என்று கேட்டால், ஊரே ஜெர்மன்காரர்கள் ஸ்தாபித்தது. ஊர்ப் பெயர் நியூ பிரவுன்ஃபெல்ஸ். 1845-ல் இளவரசர் கார்ல் என்பவர் தலைமையில் கப்பலேறி வந்த ஜனங்கள், பழைய ஊர்ப் பெயருக்கு முன்னால் 'நியூ' சேர்த்துக் குடியேறினார்கள். அவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தண்ணீர். கோமல் என்று ஒரு நதி. நதி என்றால் பிரமாண்டமாகக் கற்பனை செய்யவேண்டாம். மொத்த நீளமே சுமார் நாலு கிலோமீட்டர். ஊருக்குள்ளேயே பிறந்து, ஊருக்குள்ளேயே ஓடி, ஊர் எல்லை தாண்டுவதற்குள் குவாடலூப் என்ற பெரிய நதியில் சேர்ந்துவிடுகிறது. நம்மூரில் மாம்பலம் டு கிண்டி.

ஆனால் தண்ணீர் அசல் ஊற்றுத் தண்ணீர். மேற்கே சுண்ணாம்புக்கல் குன்றுகளில் பெய்கிற மழை பூமிக்குள் இறங்கி, பாறை இடுக்குகளில் ஊர்ந்து, இங்கே வந்து குபுகுபுவென்று வெளிவருகிறது. பூமிக்கடியிலிருந்து வருவதால் வெயிலாவது குளிராவது, வருஷம் பூரா கிட்டத்தட்ட 22 டிகிரி செல்சியஸ். ஒரே ஒருமுறை, 1956 பஞ்சத்தில், ஏறக்குறைய ஐந்து மாதம் ஊற்று நின்றே போயிருக்கிறது. பிறகு தானே திரும்பி வந்தது.

இந்த நதிக்கரையில் ஹென்றி என்ற குடும்பம் 1966-ல் ஒரு சின்ன விடுதியை வாங்கியது. 1977-ல் ஃபுளோரிடாவில் ஜார்ஜ் மில்லே என்பவர் 'வெட் அண்ட் வைல்ட்' திறந்ததைத்தான் நவீன வாட்டர் பார்க்குகளின் ஆரம்பம் என்பார்கள். ஹென்றி குடும்பத்தார் அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1979-ல், தங்கள் விடுதியில் தங்க வருகிறவர்களின் பொழுதுபோக்குக்காக நாலே நாலு சறுக்குகளோடு ஷ்லிட்டர்பானைத் தொடங்கினார்கள். ஜெர்மனிக் கோட்டைக் கோபுரத்தின் சாயலில் ஒரு கோபுரம் கட்டி, அதன் உச்சியிலிருந்து வழுக்கவிட்டார்கள். ஆற்றிலிருந்து தண்ணீரை பம்ப் வைத்து மேலே ஏற்றுவது, பள்ளத்தைப் பார்த்து ஓடவிடுவது, கடைசியில் மறுபடி ஆற்றிலேயே சேர்த்துவிடுவது. பழைய பகுதியின் சூட்சுமம் அவ்வளவுதான். நம்ம பம்ப் செட்டின் பணக்காரச் சித்தப்பா.

டிக்கெட் கவுன்ட்டரில் அப்பா டாலர் விலையை வழக்கம்போல் அறுபதால் பெருக்கினார். "மொத்தம் ஆறு பேரு... இந்தப் பணத்துக்கு அம்பாசமுத்திரத்துல ஒரு கல்யாணமே பண்ணலாம்." ஆனால் அதற்குப் பிறகு அவருக்குப் பெருக்க எதுவுமே கிடைக்கவில்லை. நாங்கள் போன அந்த வருஷம் கார் நிறுத்தக் காசு கிடையாது. மிதக்கிற டியூபுக்கு வாடகை கிடையாது. லைஃப் ஜாக்கெட்டுக்கும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாம்! மது கூடாது, கண்ணாடிப் பாத்திரம் கூடாது, இரண்டே நிபந்தனை.

முதல் நிபந்தனையில் எங்களுக்குப் பிரச்னை இல்லை. இரண்டாவதில் மாட்டினோம். புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் பிளாஸ்டிக் டப்பா. நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் தாம்பரத்திலிருந்து பயணப்பட்டு வந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. வாசலில் நின்ற பையன் மரியாதையாக, "கண்ணாடி உடைந்தால் இங்கே எல்லோரும் வெறுங்காலில் நடக்கிறார்கள், மேடம்" என்றான். நியாயம்தானே. அம்மா அங்கேயே நின்று ஊறுகாயைத் தயிர் சாத டப்பாவின் மூடிக்கு மாற்றினாள். அந்த வாசனையில் பையன் இரண்டடி பின்வாங்கி, "இது... சாப்பிடுவதற்கா?" என்றான்.

உள்ளே போனால், ஆச்சரியமாக ஒன்றுமே இல்லை. அதுதான் ஆச்சரியம். பெரிய பெரிய மரங்கள். நிழலில் மர மேஜைகள். காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு மேஜை. பாதி மேஜைகளில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் கறி வாட்டுகிற புகை. ஒரு பக்கம் குழந்தைக்குத் தலை துவட்டல். ரப்பர் டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு டயர் கடைக்காரர் மாதிரி தொப்பை மாமாக்கள். யாருக்கும் அவசரம் இல்லை. கிட்டத்தட்ட ஆடிப்பெருக்கு, சித்ரான்னத்துக்குப் பதில் சாண்ட்விச். அமெரிக்காவில் 'அமியூஸ்மென்ட் டுடே' என்ற பத்திரிகை 1998 முதல் சிறந்த பார்க்குகளுக்கு விருது கொடுக்கிறது. வாட்டர் பார்க் விருதை ஆரம்பித்த வருஷத்திலிருந்து நாங்கள் போன காலம்வரை இந்த இடமே வாங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு சாவகாசமான இடத்துக்கு எப்படி என்று முதலில் புரியவில்லை. சாயங்காலத்துக்குள் புரிந்துவிட்டது.

ஒரு மேஜையைப் பிடித்து மூட்டை முடிச்சுகளை இறக்கினோம். அம்மா பழக்க தோஷத்தில் பெஞ்சின் நடுவே உட்கார்ந்து, பைகளைத் தன்னைச் சுற்றி வட்டமாக அடுக்க ஆரம்பித்தாள்.

"ஆச்சி, நீ வரலையா?" என்றாள் அக்கா மகள். எட்டு வயது.

"நான் வந்தா பையை யாரு பாத்துக்கிடுவா?"

"யாரும் பார்த்துக்க மாட்டாங்கம்மா. இங்க எல்லாரும் மேஜைலயே வச்சுட்டுப் போயிடுவாங்க" என்றாள் அக்கா. "பர்ஸை லாக்கர்ல போட்டாச்சு. புளியோதரையை யாரு திருடப் போறா?"

அம்மா சுற்றிலும் பார்த்தாள். உண்மைதான். மேஜை மேஜையாகக் கூடைகளும் ஐஸ் பெட்டிகளும் துண்டுகளும் அப்படியே கிடந்தன. காவலுக்கு ஒரு ஜீவன் இல்லை. பக்கத்து மேஜையில் ஒரு மெக்ஸிகன் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டி, சுமார் எழுபது வயது, ஆகிருதி தாராளம், பேரனின் கையைப் பிடித்து எழுந்து டியூபை மாட்டிக்கொண்டாள். எங்கள் அம்மாவைப் பார்த்து ஸ்பானிஷில் ஏதோ சொல்லி, 'வா' என்று கையாட்டினாள். ஸ்பானிஷும் தெரியாது, தமிழும் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே டிபார்ட்மென்ட் அல்லவா, பாஷை தேவைப்படவில்லை.

உடை விஷயத்தை அக்கா முதல் நாளே முடித்து வைத்திருந்தாள். முழுக்கை நீச்சல் சட்டை, கணுக்கால்வரை நீச்சல் பேன்ட். "கிரிக்கெட் விளையாடப் போற மாதிரி இருக்கு" என்று அம்மா கண்ணாடி முன்னால் சிரித்ததோடு சரி. சேலைக்கு உள்ளேயே போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறாள் என்பது, அவள் சேலையை மடித்து மேஜையில் வைத்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது!

பழைய பகுதியில் மெதுவாக ஓடுகிற ஒரு வாய்க்கால். டியூபில் உட்கார்ந்தால் போதும், தண்ணீரே கூட்டிக்கொண்டு போகும். தைரியம் வேண்டாம், உயரம் வேண்டாம், வயசு வரம்பு வேண்டாம். வெளியே டெக்ஸாஸ் வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மா படியில் இறங்கி, கணுக்கால் நனைந்ததும் நின்றாள். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்து பார்த்தாள்.

"மருந்து வாசனையே இல்லியே. ஏ ஐயா, இது ஆத்துத் தண்ணில்லா!"

அவ்வளவுதான். டியூபை ஒரு கையால் தள்ளிவிட்டு முங்கினாள். ஒரு கணம் ஆளைக் காணோம். எனக்கு நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. பத்தடி தள்ளி எழுந்தாள். எழுந்தவள் அப்படியே கையை வீசி, காலைத் தட்டி... நீந்திப் போகிறாள்! அறுபது வயசு. முட்டி வலிக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுகிறவள். உயிர்க்காவல் பையன் விசிலை ஊதி, டியூபில் ஏறி உட்காரும்படி கையைக் காட்டினான். அம்மா அவனுக்கும் கையை ஆட்டினாள், டாட்டா சொல்கிறான் என்று நினைத்து. அடுத்த வளைவில் மெக்ஸிகன் பாட்டி பிடித்து டியூபில் ஏற்றிவிட்டாள்.

கரையில் அப்பா அசையாமல் நின்றுகொண்டிருந்தார். "இவளுக்கு நீச்சல் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர் என்னைக் கேட்கிறார்!

ஒரு சுற்று முடித்து வந்த அம்மாவிடமே கேட்டார். "ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க எங்க கேட்டிய? அம்பாசமுத்திரத்துக்காரிக்கு நீச்சல் தெரியாமப் போகுமா? ஆத்துல குடத்தைக் கவுத்துப் பிடிச்சுக்கிட்டு அக்கரைக்குப் போயிட்டு வருவோம், நானும் எங்க சித்தி மகளும். கல்யாணத்தோட சரி. தாம்பரத்துல எங்க நீந்த, பக்கெட்லயா?"

சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிட்டாள். அன்றைக்கு ஏழு சுற்று. மத்தியானம் சாப்பிட வந்தபோது புளியோதரை வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. பைகளை யாரும் தொடவில்லை. அணில் ஒன்று மட்டும் வறுவல் டப்பாவைச் சோதனை போட்டிருந்தது.

பெரிய பெரிய சறுக்குகளும் அங்கே உண்டு. நானும் அத்தானும் போனோம். 1991-ல் நின்ற இடத்திலேயே அலைச்சறுக்கு விளையாட ஒரு சாதனம், 1994-ல் தண்ணீர்ப் பீரங்கி வைத்து டியூபை மேட்டின்மேல் ஏற்றுகிற சறுக்கு என்று உலகத்துக்கே புதுசாகப் பலதைச் செய்து காட்டிய கம்பெனி அது. புதுசு செய்கிறவர்களுக்கு அடுத்ததாக ஒரு ஆசை வரும், எல்லாவற்றிலும் பெரியது. நாங்கள் போய் வந்த அடுத்த மாதமே, 2014 ஜூலையில், அதே கம்பெனி கான்ஸஸ் சிட்டியில் இருந்த தன் இன்னொரு பார்க்கில் உலகத்திலேயே உயரமான தண்ணீர்ச் சறுக்கைத் திறந்தது. சுமார் 51 மீட்டர். பெயர் 'ஃபெர்ரூக்ட்'. அதுவும் ஜெர்மன்தான். பைத்தியம் என்று அர்த்தம். 2016 ஆகஸ்டில் அதில் போன பத்து வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். சறுக்கை மூடினார்கள். 2018-ல் பிரித்தெடுத்தார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த வாய்க்கால்தான் ஞாபகம் வந்தது. உயரமான சறுக்கில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் போகமுடியும்? எடை பார்த்து, உயரம் பார்த்து, தைரியம் பார்த்து, படியேறும் முட்டி பார்த்து வடிகட்டினால், ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் தேறுவார்கள். மீதி நாலு பேர் கீழே நின்று கையாட்ட வேண்டும். அவர்களுக்குத்தான் பையைக் கொடுப்போம். நிதானமான வாய்க்காலில் ஆறு பேரும் ஒரே தண்ணீரில் மிதக்கலாம். அப்பாகூட மூன்றாவது சுற்றில் வந்து சேர்ந்துகொண்டார், அம்மாவின் டியூபைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

2019-ல் ஷ்லிட்டர்பானை சீடர் ஃபேர் என்ற பெரிய கம்பெனி வாங்கியது. 2024-ல் அந்தக் கம்பெனி சிக்ஸ் ஃபிளாக்ஸோடு இணைந்துவிட்டது. பெரிய கம்பெனி என்றால் கணக்குப்பிள்ளைகளும் பெரியவர்களாகத்தான் இருப்பார்கள். 'இலவசம்' என்ற வார்த்தையைப் பார்த்தால் கணக்குப்பிள்ளைக்குத் தூக்கம் வராது. மர நிழலையும் மேஜையையும் சும்மா விட்டுவைத்தால் தேவலை. புளியோதரைக் குடும்பங்கள் வந்து, நாள் முழுக்க இருந்து, மறு வருஷமும் வருவது அதனால்தான்.

ஊர் திரும்பியதிலிருந்து அம்மா வருஷத்துக்கு ஒரு முறை, ஆற்றில் தண்ணீர் வரத்து நன்றாக இருக்கிற சமயம் பார்த்து, அம்பாசமுத்திரம் கிளம்பிவிடுகிறாள். சித்தி மகளும் வந்துவிடுகிறார். இரண்டு பேருக்கும் இப்போது எழுபது தாண்டிவிட்டது, படித்துறையை விட்டு ரொம்ப தூரம் போவதில்லை. பையை அப்பா பார்த்துக்கொள்கிறார். செருப்பு காணாமல் போனது இதுவரை ஒரே ஒருமுறைதான், அதுவும் அவருடையதே.

சம்மர் லீவுக்கு டிக்கெட் போடுகிற பிரம்மச்சாரிகளும் புது மாப்பிள்ளைகளும் கவனிக்க. சறுக்கின் உயரத்தை விசாரிப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் விசாரியுங்கள். உட்கார நிழல் உண்டா? லாக்கர் உண்டா? பயப்படாமல் இறங்குகிற மாதிரி இடுப்பளவுத் தண்ணீர் உண்டா? லாக்கர் இல்லாத ஊர் என்றால் ஆளுக்கு அரை மணி நேரம் டூட்டி போடுங்கள், ஆபீஸில் ஷிப்ட் போடுவதில்லையா? முதல் ஷிப்ட் நீங்கள். செருப்பை மட்டும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி குறைந்தாலும் அம்மா கரையேறி வந்து கணக்குக் கேட்பாள்.